பொன்னாடை போதும், வீட்டுப்பாடம் கொடுங்கள்

அக்டோபர் முதல் தேதி உலக முதியோர் தினம். நம்ம ஊர்ப் பக்கம் அது எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மண்டபம், ஒரு பேனர், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, இலவச சர்க்கரைப் பரிசோதனை. ஒரு டாக்டர் வந்து உப்பைக் குறையுங்கள் என்பார். அடுத்து ஒருவர் வந்து முதியோர்தான் நம் சொத்து என்பார். கடைசியில் ஆளுக்கொரு பொன்னாடை, கையில் ஒரு சாம்பார் சாதப் பொட்டலம். அத்தனை நேரமும் அங்கே வந்திருக்கிற பெரியவர்களுக்கு இருக்கிற ஒரே வேலை கைதட்டுவது.

வருஷத்துக்கு ஒரு நாள்தானே, போகட்டும் என்று விடலாம். ஆனால் வாராவாரம் நடக்கிற 'மூத்தோர் வகுப்பு'களும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. கொஞ்சம் மூச்சுப்பயிற்சி, கொஞ்சம் பஜனை, ஒரு சொற்பொழிவு, காபி. யாரும் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. வகுப்பு என்று பேர் வைத்தால் வகுப்பாக இருக்க வேண்டாமா? தெரியாத ஒன்றை ஒருவர் சொல்லித்தர வேண்டும். நாம் செய்து பார்க்க வேண்டும், தப்பு வர வேண்டும், அவர் திருத்த வேண்டும், அடுத்த வாரம் அதையே செய்துகொண்டு வர வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இதுதான் நியாயம் என்றால் எழுபது வயதுக்காரருக்கும் இதுதான் நியாயம்.

"வயசான காலத்துல எதுக்கு அவங்களப் போட்டுக் கஷ்டப்படுத்திக்கிட்டு" என்பவர்கள் உண்டு. பாசத்தில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அந்தக் கஷ்டத்தில்தான் பலன் இருக்கிறது. அமெரிக்காவில் டெனிஸ் பார்க் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு செய்த சோதனை ஒன்று 2014-ல் வெளியானது. 60 முதல் 90 வயது வரை 221 பேர். சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலருக்கு ஒட்டுத்துணித் தையல், சிலருக்கு இரண்டும். எல்லாம் புதிதாக, வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு பிரிவினர் அதே நேரத்தைக் கூடிப் பேசியும் விளையாடியும் ஊர் சுற்றியும் கழித்தார்கள். நினைவாற்றல் தேறியது புதிதாகக் கற்றவர்களுக்கு, அதிலும் முக்கியமாகப் புகைப்படம் கற்றவர்களுக்கு. கூடிச் சிரித்தவர்களுக்கு அந்த அளவு இல்லை. கூடிச் சிரிப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு.

நான் உதவிக்குப் போகிற ஒரு சனிக்கிழமை வகுப்பு பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு படிப்பகத்தின் பின்னறையில் நடக்கிறது. செல்போன் வகுப்பு. சொல்லித்தருவது ஒரு கல்லூரிப் பெண். முக்கூடல் பக்கமிருந்து மகள் வீட்டோடு வந்துவிட்ட ஆச்சி ஒருவர் அதில் உண்டு. சின்ன வயதிலிருந்து பீடி சுற்றிய கை. விரல் நுனி தேய்ந்து வழவழவென்று இருக்கும். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைப்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி. காய்ந்த விரலைத் தொடுதிரையும் லேசில் மதிக்காது. திரை அசையவில்லை என்றதும் ஆச்சி இன்னும் பலமாக அமுக்குகிறார். திரையிலுள்ள படங்களெல்லாம் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்துவிட்டன.

"ஏட்டி, நீ தொட்டா போகுது, நான் தொட்டா போகமாட்டேங்கு. போனுக்கும் ஆளு தெரியுமோ?"

அந்தப் பெண் போனைக் கையில் வாங்கவே இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. வீட்டில் பேரன் பேத்தி என்றால் வெடுக்கென்று பிடுங்கி, தானே செய்து, "இந்தாங்க" என்று கொடுத்திருப்பார்கள். அவள் சொன்னாள்: "ஆச்சி, அமுக்காதீங்க. பீடி இலைய ஈரத்துணியில சுத்தி வைப்பீங்கல்லா, அது மாதிரி விரல ஈரத்துணியில லேசா ஒத்திக்கிட்டு, சும்மா தொட்டுட்டு எடுங்க." இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைப் பானைத் தண்ணீரில் நனைத்து ஒத்தி எடுத்துவிட்டு ஆச்சி தொட்டார். திறந்தது. அந்த வாரத்து வீட்டுப்பாடம் வீட்டில் யாருக்காவது ஒரு குரல் செய்தி அனுப்புவது. திருப்பூரில் வேலை பார்க்கிற பேரனுக்கு அவர் அனுப்பியதை அடுத்த வகுப்பில் எல்லோரும் கேட்டோம். "ஏல, நான் ஆச்சி பேசுதேன். இது நானே அனுப்புனது. உங்கம்மை அனுப்பல." அவ்வளவுதான் செய்தி.

செல்போன் வகுப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் கொடுக்கிற உயிர்ச்சான்றை 2014-லிருந்து டிஜிட்டலாகவே கொடுக்கலாம். இப்போது வீட்டில் இருந்தபடி முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். இன்னொரு பக்கம், போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டிச் சேமிப்பைச் சுருட்டுகிற கூட்டம் குறி வைப்பதும் இவர்களைத்தான். அப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்திலேயே கிடையாது, பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும் என்பதை மேடையில் சொன்னால் பாதிப் பேர் வீடு போவதற்குள் மறந்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் அந்தப் பெண் பக்கத்து அறைக்குப் போய் 'போலீஸ்' குரலில் போன் போட்டாள். யார் யார் பயந்தார்கள், யார் வைதுவிட்டு வைத்தார்கள் என்று பார்த்தோம். வைதவர்கள் எல்லாம் ஆச்சிகள்.

அண்ணாச்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓய்வுபெற்ற ஆண்கள் நாலு பேர் ஒரு வகுப்புக்கு வந்தால் முதல் வாரமே தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்வாகிவிடுவார்கள். இரண்டாவது வாரம் லெட்டர்பேடு வந்துவிடும். மூன்றாவது வாரம் சிறப்பு விருந்தினர். முப்பது வருஷம் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட கைக்கு, பேத்தி வயதுப் பெண்ணிடம் "எனக்குத் தெரியலம்மா" என்று சொல்வது கஷ்டம். பெண்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சின்ன வயதில் படிப்பை நிறுத்தினார்களே என்ற ஆத்திரம் அவர்களிடம் இன்னும் ஆறவில்லை. நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆண்கள் உட்கார வேண்டுமானால் அவர்களுக்கும் உண்மையிலேயே தெரியாத, மரியாதையான ஒன்றைக் கொடுக்க வேண்டும். நான் வட்டெழுத்து என்பேன், தமிழை எழுதிய பழைய எழுத்துமுறை. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி வரும்வரை கல்வெட்டுகளில் கோலோச்சியது அதுதான். சேரன்மகாதேவி, பிரம்மதேசம், திருவாலீஸ்வரம் என்று தாமிரபரணிப் படுகையில் கோயில் சுவரெல்லாம் எழுத்து. தினமும் அதைத் தடவிக்கொண்டே பிரகாரம் சுற்றுகிற பெரியவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியும்? வட்டெழுத்தில் ப, வ, ய மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்குள் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கே வியர்த்துவிடும். வியர்க்கட்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறையே இருக்கிறது, ஆள் கிடைக்காமல் போகாது. மாதம் ஒரு கோயில், ஒரு சுவர், ஒரு வரி. லெட்டர்பேடுக்கு அங்கே வேலை இல்லை.

காலாற நடக்க முடிகிறவர்களுக்குப் பறவை பார்ப்பதும் ஆகும். தாமிரபரணிப் படுகைக் குளங்களில் ஜனவரியில் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் போகிறார்கள். ஒரு குளக்கரையில் அசையாமல் உட்கார்ந்து எண்ணுகிற பொறுமை இருபது வயதுப் பையனைவிட எழுபது வயதுக்காரருக்குக் கூடுதலாகவே உண்டு. நத்தைகுத்தி நாரைக்கும் செங்கால் நாரைக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்து, கையில் ஒரு பைனாகுலரும் கொடுத்தால் போதும்.

அதே சமயம் கற்பிக்கிற இடத்திலும் இவர்களே இருக்கலாம். பத்தமடைப் பாய்க்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோரையை ஊறவைத்து, நார் நாராகக் கிழித்து நெய்கிற கை அங்கே எத்தனை மிச்சம் இருக்கிறது? கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கூப்பிடும்போது சம்பளம் பேசிக் கூப்பிடுங்கள். 'சேவை' என்று சொல்லி ஒரு பொன்னாடையில் முடித்துவிடுகிற பழக்கம் நமக்கு நிறையவே இருக்கிறது.

எழுத்தறிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் நம் நெல்லை மாவட்டத்தில் நடந்தபோது ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் 'படம்', 'பட்டா' என்று எழுதிப் பழகிய பெண்களுக்கு அன்று முப்பது முப்பத்தைந்து வயது. இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். வாசிக்க எதுவும் கைக்கு வராமல் நிறையப் பேருக்கு எழுத்து மறந்தே போனது. கையெழுத்து மட்டும் மிச்சம். இவர்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டிய ஆட்களே இல்லை. பெரிய எழுத்தில் புத்தகமும் கூட உட்கார ஒரு ஆளும் இருந்தால் சில மாதங்களில் பிடித்துவிடுவார்கள். கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018-ல் தன் 96-வது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். நம்ம பத்திரிகைகள் அதை 'சாதனைப் பாட்டி' என்று ஒரு படத்தோடு போட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. அவருக்குப் பின்னால் ஒரு மாநிலமே பாடப்புத்தகம் அச்சடித்து, ஆள் போட்டு, தேர்வு நடத்தியது என்பது அந்தப் படத்தில் தெரியவில்லை.

கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031-ல் 18.2 ஆகும் என்கிறார்கள். பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட, கல்லிடைக்குறிச்சியிலும் வீரவநல்லூரிலும் தெருவுக்குப் பாதி வீட்டில் ஒருவரோ இருவரோதான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநகராட்சிகளில் 25 அன்புச்சோலை மையங்கள் என்று அரசு அறிவித்தது. பகல் நேரத்தில் பெரியவர்கள் வந்து இருக்க ஓர் இடம். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். என் கேள்வி அதன் கால அட்டவணையைப் பற்றித்தான். டி.வி. எத்தனை மணி நேரம், பாடம் எத்தனை மணி நேரம்?

இடம் என்றதும் நம்ம ஊர் விவகாரம் ஒன்றையும் மறைக்க முடியாது. இங்கே மண்டபம் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு சமுதாயத்துச் சங்கத்தின் மண்டபம். அங்கே வகுப்பு வைத்தால் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது கதவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். கோயில் மண்டபமும் அப்படித்தான், மேலப்பாளையத்து முஸ்லிம் ஆச்சி எப்படி வருவார்? அதனால் நூலகம், பள்ளிக்கூடம், கல்லூரி, இந்த மூன்றுதான் தோது. 2006-லிருந்து அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி தோறும் நூலகம் கட்டினார்களே, அவற்றில் பூட்டிக் கிடப்பவற்றைத் திறந்தாலே கிராமங்களில் பாதிப் பிரச்சினை தீரும்.

நேரமும் முக்கியம். சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு வைக்கிறவர்களுக்கு வீட்டு நிலவரம் தெரியாது என்று அர்த்தம். அது பேரப்பிள்ளைகள் பள்ளிவிட்டு வருகிற நேரம். ஆச்சிமார் நம்ம ஊரில் ஓய்வில் இல்லை, பிள்ளை பார்க்கிற வேலையில் இருக்கிறார்கள். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் அவர்கள் கைக்கு வருகிற நேரம். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் சமாதானபுரத்திலிருந்தோ பேட்டையிலிருந்தோ வந்துபோகச் செலவில்லை. ஏறுகிற படி உயரம்தான் பிரச்சினை.

அப்புறம், காது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோய் வருவதற்கு நம்மால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் 14 என்று பட்டியலிட்டது. அதில் தனிமை இருக்கிறது, பார்வைக் குறைவு இருக்கிறது, காது கேளாமையும் இருக்கிறது. வகுப்பில் காது கேட்காதவர் கேட்கிற மாதிரியே தலையாட்டிக்கொண்டு இருப்பார், நாலாவது வாரம் வராமல் நின்றுவிடுவார். "அவருக்கு ஆர்வமில்லை" என்று எழுதிவிடுகிறோம். பத்துப் பேர் வகுப்பானாலும் மைக் வையுங்கள், மின்விசிறியைக் குறையுங்கள், சொல்லித்தருபவர் முகம் வெளிச்சத்தில் இருக்கட்டும்.

பாளையங்கோட்டையைத் தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று நாமே சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். 1895-ல் தொடங்கிய சாராள் தக்கர் கல்லூரி, 1923-ல் தொடங்கிய சவேரியார் கல்லூரி என்று நடந்தே போய்ச் சேருகிற தூரத்தில் எத்தனை கல்லூரி. எந்தக் கல்லூரியிலும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். துடைப்பத்தோடு போட்டோ எடுப்பதில் போகிற மணிகளில் பாதியை இந்தப் பக்கம் திருப்பினால் ஆசிரியர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கல்லூரி, சனிக்கிழமை காலையில், ஒரே ஒரு வகுப்பறை. நான் கேட்பது அவ்வளவுதான். கீழ்த்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில், சாய்மானம் உள்ள நாற்காலியோடு கொடுங்கள். மாடி வேண்டாம்.