குழுவை நடத்துவது என்றால் கட்டுரை எண்ணிக்கை மட்டும்தானா?

நானோ ஒளியியல், அதாவது மிக நுண்ணிய பொருட்களில் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் துறை; அதில் ஆய்வுக்குழுத் தலைவரின் வேலையே நிதி வாங்குவதும் கட்டுரை வெளியிடுவதும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், பாலக்காட்டுப் பக்கத் தமிழன். கேரளத்தில் ஓர் ஆய்வகத்தில் தங்க நானோ துகள்களோடு வேலை பார்த்தவன்.

தங்கக் கரைசல் நல்ல சிவப்பாக இருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஊதா, நீலம் என்று மாறிவிடும். குப்பியில் கொஞ்சம் உப்பு மிச்சமிருந்தாலே போதும். புதுப் பையன் முகம் வாடி நிற்பான். எங்கள் குழுத் தலைவர் மேடம் திட்டமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, எந்தத் தண்ணிப்பா எடுத்தே?" என்று தொடங்குவார். மலையாளப் பிள்ளை என்றால் மலையாளத்தில். அப்புறம் கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலையை எடுத்து, 520 நானோமீட்டர் பக்கம் இருக்க வேண்டிய உச்சி எங்கே நகர்ந்திருக்கிறது என்று அவனையே பார்க்கச் சொல்வார்.

சாதாரண நுண்ணோக்கி ஒளியின் ஏறக்குறைய அரை அலைநீளத்தைவிடச் சிறியதைப் பிரித்துக் காட்டாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் அபே 1873-லேயே சொல்லிவிட்டார். எங்கள் துகள்கள் அதைவிடச் சிறியவை. ஆகவே கண்ணுக்குத் தெரியாததை நிறத்தை வைத்து யோசிக்கப் பழக்க வேண்டும். அதற்குப் பொறுமையான ஆள் வேண்டும், விலையுயர்ந்த லேசர் மட்டும் போதாது.

நிதி கொடுப்பவர்கள் இதையும் கேட்கட்டும்: பாதியில் விட்டுப்போன மாணவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள்?