புள்ளியை நேரத்தால் வகுக்க வேணும்

கைத்துப்பாக்கிச் சுடும் போட்டி பற்றிய உங்கள் கட்டுரையில் "வேகமாகச் சுட்டு முடிப்பவரே வெல்வார்" என்று உள்ளது. இந்தப் போட்டிகளை நடத்தும் சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சியின் விதிப்படி அது பிழை. புள்ளியை நேரத்தால் வகுத்துத்தான் கணக்கு: 20 வினாடியில் 92 புள்ளி என்றால் 4.6, 16 வினாடியில் 60 என்றால் 3.75. இலக்கின் நடுவில் உள்ள ஏ வலயத்தில் பட்டால் 5 புள்ளி. தவறினால் அந்த 5 கிடைக்காததோடு மேலும் 10 கழியும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அது போதாது. நகரும்போதும் மகசீன் (ரவைக்கூடு) மாற்றும்போதும் விரல், விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்கு வெளியே இருக்க வேணும். வலக்கையால் சுடும் புதியவர்கள் இடப்பக்கம் ஓடும்போது மகசீன் மாற்றினால் குழல்வாய் தானாகவே பக்கவாட்டில் திரும்பும். இலக்குகள் இருக்கும் நேர்த்திசையில் இருந்து குழல்வாய் 90 பாகையைத் தாண்டினால் போட்டியை விட்டே வெளியேற்றம். துப்பாக்கி கைதவறி விழுந்தால் குனிந்து எடுக்கவே கூடாது, சுடுதளத்தைக் கவனிக்கும் ரேஞ்ச் அதிகாரிதான் எடுப்பார். துப்பாக்கியைக் கையாளவென்று ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியில் ரவை இல்லாத துப்பாக்கியைக் கையாளலாம். ரவையை, போலி ரவையைக்கூட, அங்கே தொடக்கூடாது.

வன்னியில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் செம்மண் புழுதி போன்ற இடத்தில் கீழே விழும் மகசீனுக்குள் தூசி ஏறும். ரவையை மேலே தள்ளும் உள்தட்டு இறுகி, ரவை மேலே வராமல் சிக்கும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கழற்றித் தூரிகையால் துடையுங்கள். எண்ணெய் பூசினால் புழுதி இன்னும் ஒட்டும். நிலத்தில் கண்டெடுக்கும் பழைய ரவையை மட்டும் தொடாதீர்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள்.

ரவையின் வலுவுக்கும் விதி உண்டு. குண்டின் எடையை (கிரெய்ன் அளவில்) வேகத்தால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் வருவது வலுக்காரணி: 124 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1030 அடி போனால், தசமத்தை விட்டு, 127. கைத்துப்பாக்கிக்கு ஆகக்குறைந்த தேவை 125.