பையனைத் திட்டாதீங்க, பேட்டரியை மாத்துங்க

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ரெண்டு நாளா நம்ம ஈரோடு, திருப்பூர் குரூப்பு பூராவும் அதுதான் ஓடுது. வால்-ஈங்கற சினிமா ரோபோவோட பொம்மை ரெண்டடி நகருது, நின்னுக்குது, தன் பேரைச் சொல்லுது. மறுபடி நகருது, நின்னுக்குது, மறுபடியும் பேரைச் சொல்லுது. "மூணே நாள்ல பொம்மையை உடைச்சு முடிச்சுட்டான் பாருங்க"ன்னு அப்பாக்காரர் ஒறம்பரை முன்னாடி சொல்றாரு. பையன் மூஞ்சி பொக்குனு போச்சு. கீழ வரிசையா சிரிப்பு.

ஏனுங்க, பையன் எதையும் உடைக்கலைங்க. அது பேட்டரி.

இதைத்தான் அங்க கமெண்ட்ல சொன்னேன். "வந்துட்டாரு விஞ்ஞானி"ன்னாங்க. சரி, விஞ்ஞானி இங்கயே விளக்கமா எழுதிடறேன்.

நாலு செல் போடற பொம்மைன்னா மொத்தம் 6 வோல்ட். சக்கர மோட்டார், ஸ்பீக்கர், பேச்சை வச்சிருக்கற சிப்பு, எல்லாத்துக்கும் அதே நாலு செல்தான். மோட்டார் கிளம்பற நொடியில இழுக்கற கரண்ட், ஓடும்போது இழுக்கறதைவிடப் பல மடங்கு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடற மலிவு செல் அதைத் தாங்காது, வோல்டேஜ் படுத்துரும். சிப்பு அணைஞ்சு போகும், மோட்டாரும் நிக்கும். மோட்டார் நின்னதும் செல்லுக்கு மூச்சு வரும், சிப்பு மறுபடி முழிச்சுக்கும். முழிச்சதும் என்ன பண்ணும்? இப்பத்தான் ஸ்விட்ச் போட்டாப்பல முதல்ல இருந்து பேரைச் சொல்லும். வீடியோவுல நீங்க சிரிச்சது இதுக்குத்தான்.

"மீட்டர் வச்சுப் பார்த்தேன், ஒவ்வொண்ணும் 1.5 காட்டுச்சு"ன்னு ஒருத்தர். சும்மா கிடக்கற செல் அப்படித்தான் காட்டும். பொம்மைக்குள்ள போட்டு, சக்கரத்தை ஓட விட்டு, அப்ப மீட்டர் முனையை வைங்க. 6 இருக்க வேண்டிய இடத்துல நாலு, நாலரைக்கு இறங்கிச்சுன்னா சமாச்சாரம் முடிஞ்சது.

"புது செல்தான் போட்டோம்." எத்தனை புதுசுங்க? ரெண்டு புதுசு, ரெண்டு டிவி ரிமோட்டுல இருந்து உருவினது, அதுதானே? வரிசையில ஒண்ணு நோஞ்சானா இருந்தாலும் நாலும் நோஞ்சான்தான். நோஞ்சான்தான் முதல்ல கசியவும் செய்யும். ஆல்கலைன் (மோட்டார் இழுப்பைத் தாங்கற வகை செல்) கசிஞ்சு ஸ்பிரிங்ல வெள்ளைப் பொடி பூத்திருந்தா, எலுமிச்சைச் சாறைக் காது குடையற பஞ்சுக் குச்சியில தொட்டுத் தேய்ச்சுத் துடைச்சு, நல்லா காய விட்டுட்டுப் போடுங்க. வெறுங்கையில தொடாதீங்க.

ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட் தானே, பத்துமான்னு கேட்டவருக்கு: பெரும்பாலும் பத்தும். வோல்டேஜ் குறைச்சல்தான், ஆனா மோட்டார் இழுக்கும்போது மலிவு செல் மாதிரி படுக்காது.

குழந்தைங்க உடைக்கறதே இல்லையான்னா, உடைக்கும். அப்ப வர்ற சத்தமே வேற. டக்டக்குன்னு கேட்கும், மோட்டார் சுத்தும், சக்கரம் சுத்தாது. மோட்டார் தண்டுல இறுக்கி மாட்டியிருக்கற சின்னப் பல்சக்கரம் விரிசல் விட்டுருச்சுன்னு அர்த்தம். பசை போட்டா நிக்காது. பல்லை எண்ணி, தண்டோட தடிமன் அளந்து, அதே அளவு வாங்கி மாத்தோணும். அதுலயும் பல, பிளாஸ்டிக் நாள்பட்டு தானா விரிசல் விட்டதுதான். அதுக்கும் பையன்தான் திட்டு வாங்குவான், வேற யாரு.

இன்னொண்ணு. கை தட்டுனாத் திரும்பற பொம்மைங்களை சோமனூர்ப் பக்கம் தறி ஓடற வீட்டுல வச்சுப் பாருங்க. தறி அடிக்கற ஒவ்வொரு அடியும் அதுக்குக் கைதட்டல்தான். பேய் பிடிச்சாப்பல சுத்தும். உடனே "சைனா சாமான்". அகச்சிவப்புக் கதிர்ல (கண்ணுக்குத் தெரியாத ஒளி) ஓடற ரிமோட் பொம்மையை உச்சி வெயில்ல வாசல்ல விட்டா, வெயில்ல இருக்கற அதே கதிரே ரிமோட் சிக்னலை முழுங்கிரும். நிழலுக்குக் கொண்டு போனா ஓடும். ரிமோட் மேலயே சந்தேகம்னா, அதை அமுக்கிக்கிட்டு போன் செல்ஃபி கேமராவுல பாருங்க. முனையில ஊதாவா ஒரு புள்ளி மினுக்குனா ரிமோட் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

படத்தையாவது ஒழுங்காப் பார்த்தீங்களா? 2008ல வந்த படம். வால்-ஈ காலையில சார்ஜ் இறங்கிப்போய்த் தூக்கக் கலக்கத்துல முட்டி மோதித்தான் எந்திரிப்பான். வெயில்ல தகடை விரிச்சு சார்ஜ் ஏத்தினப்புறம்தான் வேலைக்கே கிளம்புவான். அதைப் பார்த்து "அய்யோ பாவம்"னவங்கதான் வீட்டுல இருக்கற வால்-ஈயை ஓட்டைன்னு சொல்றாங்க.

கிணத்து மோட்டார் எடுக்கலைன்னா நம்மூர்ல யாராச்சும் மோட்டாரைத் தூக்கி எறியறோமா? ஸ்விட்ச் போட்ட பையனைத் திட்டறோமா? "லோ வோல்டேஜுங்க, உறுமுது, எடுக்க மாட்டீங்குது"ன்னு சொல்லிட்டு மூணு பேஸும் சரியா வருதான்னு பார்ப்போம். அம்பது அடிக் கிணத்துக்குத் தெரிஞ்ச நியாயம், அரையடி பொம்மைக்கு மட்டும் தெரியலை. அதைச் சொன்னா விஞ்ஞானி.

வீடியோ போட்ட அண்ணனுக்கு: ஆல்கலைன் செல் ஒரு செட்டு, எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நாள்ல வாங்கினது. போட்டுட்டு இன்னொரு வீடியோ எடுங்க. அதையும் அதே குரூப்புலயே போடுங்க, பையன் மூஞ்சி தெரியற மாதிரி.